லீவு பாரத்துக்கு எதற்கு லோகோ?

ஒரு நிறுவனம் தன் சின்னத்தை வாசலில் மாட்டட்டும். லாரியில் எழுதட்டும். நெடுஞ்சாலைப் பலகையில் இரவெல்லாம் விளக்குப் போட்டுக் காட்டட்டும். அது அவர்கள் காசு, அவர்கள் பிழைப்பு. ஆனால் அதே சின்னத்தையும் அதே வண்ணத்தையும் அதே செல்லக் குரலையும் கொண்டுவந்து, ஊழியர்கள் வேலை செய்யும் மென்பொருளுக்குள் ஒட்டுவதை நான் எதிர்க்கிறேன். 'இதெல்லாம் ஒரு பிரச்சனையா?' என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எதைச் சொல்கிறேன் என்று தெளிவாக்கிவிடுகிறேன். இன்றைக்கு எந்த வேலைக்குப் போனாலும் லீவு எடுக்க ஒரு சிஸ்டம், எம்.சி. அனுப்ப ஒரு செயலி, ஓ.டி. கணக்குக்கும் கிளைமுக்கும் தனித்தனித் திரை, சம்பளச் சீட்டைப் பார்க்க இன்னொரு கடவுச்சொல். தொழிற்சாலை என்றால் இயந்திரத்தை ஓட்டுவதற்கும் திரைதான். இவற்றில் பலவும் எஸ்.ஏ.பி., ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய கம்பெனிகளிடம் வாங்கியவை. வாங்கிய பிறகு அவற்றை 'நம்முடையதாக்கும்' சடங்கு தொடங்கும். தலைப்பட்டை கம்பெனி நிறத்துக்கு மாறும். எழுத்துரு மாறும். உள்நுழையும் பக்கத்தில் தலைமையகக் கட்டடத்தின் படம் ஏறும். சிஸ்டத்துக்கு ஒரு செல்லப் பெயர் வைப்பார்கள். கேக் வெட்டுவார்கள். மறுநாள் காலையில் லீவு போடப் போனால் பழைய பதினொரு கட்டங்களும் அப்படியேதான் இருக்கும். அவற்றில் எதை நிரப்ப வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அன்றைக்கும் பக்கத்து மேசைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

பிராண்ட் என்பது, விலகிப் போகக்கூடிய ஒருவரிடம் பேசும் பேச்சு. கடைத்தெருவில் நான்கு பற்பசை இருக்கும்போது என் பற்பசையை எடு என்று கூப்பிடுவதற்காகத்தான் நிறமும் பெயரும் சின்னமும் உண்டாயின. லீவு போடும் ஊழியருக்கு நான்கு சிஸ்டம் கிடையாது. பிடிக்கவில்லை என்று அடுத்த கம்பெனி சிஸ்டத்தில் போய் லீவு போட முடியாது. அவரைக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. அவர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய் விளம்பரம் பேசினால் அந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான் மிச்சமாகிறது: 'இது எங்கள் இடம், மறந்துவிடாதே.'

சரி, அர்த்தத்தை விடுங்கள். செலவைப் பார்ப்போம். நான் ரிங்கிட்டைச் சொல்லவில்லை. திரை என்பது அளவான இடம். வேலை செய்பவரின் கவனம் அதைவிடக் குறைந்த இடம். அங்கே எதை வைத்தாலும் இன்னொன்றை நகர்த்திவிட்டுத்தான் வைக்க முடியும்.

நான் தொழிற்சாலையில் கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பார்க்கும் பொறியாளன். எங்கள் துறையில் எச்.எம்.ஐ. என்பார்கள்: கொதிகலன், பம்பு, வால்வு எல்லாவற்றையும் ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்து இயக்கும் திரை. இந்தத் திரையை எப்படி வடிவமைப்பது என்று பல ஆண்டுகளாக விவாதித்து வந்திருக்கிறார்கள். 2008இல் பில் ஹோலிஃபீல்டும் உடன் எழுதியவர்களும் ஒரு கையேடே வெளியிட்டார்கள். 2015இல் ஐ.எஸ்.ஏ.-101 என்ற தரநிலை வந்தது. அந்தக் கையேடு வழிவந்த பள்ளியின் சாரத்தை ஒரு வரியில் சொல்லலாம்: திரை சாம்பல் நிறத்தில் சலிப்பாக இருக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக ஓடும்போது கண்ணை இழுக்க அங்கே எதுவும் இருக்கக் கூடாது. அடர்ந்த நிறம் ஒன்று தெரிந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். சிவப்பையும் மஞ்சளையும் எச்சரிக்கைக்காகவே பூட்டி வைத்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு கம்பெனியின் நிறம் சிவப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. மார்க்கெட்டிங் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது: எல்லா உள் சிஸ்டங்களும் ஒரே தோற்றத்துக்கு வர வேண்டும். திரையின் உச்சியில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முழுக்க அந்தச் சிவப்பு ஆபரேட்டரின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கண் அதைக் கழித்துவிடப் பழகும். கண்ணுக்கு இதைவிட மோசமான பயிற்சியை நம்மால் கொடுக்க முடியாது. அடுத்த முறை நிஜமான சிவப்பு எரியும்போது அதையும் சேர்த்துக் கழித்துவிட்டால் யாரைக் குற்றம் சொல்வது?

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றலாம். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் டெக்ஸாகோ சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடந்தது. அதற்கு முந்தைய சுமார் 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 எச்சரிக்கைகள் வந்து விழுந்தன. எது முக்கியம், எது இல்லை என்று திரை அவர்களுக்குப் பிரித்துக் காட்டவில்லை. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்ஸாஸ் சிட்டியில் பி.பி. ஆலையில் ஒரு கோபுரத்துக்குள் திரவம் அளவுக்கு மீறி நிரம்பியது. உள்ளே எவ்வளவு போகிறது என்பது ஒரு திரையில் இருந்தது, வெளியே எவ்வளவு வருகிறது என்பது வேறொரு திரையில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் கோபுரம் நிரம்புவது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயப்பட்டார்கள். அந்த இரண்டு விபத்துகளுக்கும் லோகோ காரணமில்லை; பராமரிப்பு, பயிற்சி, நிர்வாகம் என்று பல காரணங்கள் சேர்ந்தன. நான் சொல்வது இதுதான்: வேலைத் திரையில் எது எங்கே இருக்கிறது என்பது உயிர் போகும் கேள்வியாக மாறலாம். அந்தக் கேள்வியை மார்க்கெட்டிங் பிரிவின் வண்ண அட்டையை வைத்து முடிவு செய்யக் கூடாது.

'ஆலைத் திரை வேறு, ஆபீஸ் சிஸ்டம் வேறு' என்று அடுத்த பதில் வரும். அப்படியென்றால் ஓர் ஆபீஸ் கதையைப் பார்ப்போம்.

சிட்டி வங்கியின் லோகோ வடிவமைப்பு மாணவர்கள் எல்லாரும் படிக்கிற லோகோ. 1998இல் பாலா ஷெர் அதை ஒரு சந்திப்பின்போது மேசைக் கைத்துடைப்புத் தாளில் வரைந்தார் என்பது அந்தத் துறையின் புராணக் கதை. அந்த அளவுக்குச் சின்னத்துக்குப் பெயர்போன வங்கி 2020 ஆகஸ்டில் என்ன செய்தது தெரியுமா? ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டியை அனுப்ப வேண்டியிருந்தது. அதோடு சேர்த்து ஏறக்குறைய 90 கோடி டாலர் அசலையும் அனுப்பிவிட்டது. காரணம், ஃபிளெக்ஸ்கியூப் என்ற உள் மென்பொருளின் ஒரு திரை. அசல் தொகை வெளியே போகாமலிருக்க மூன்று கட்டங்களில் குறியிட வேண்டும். திரையைப் பார்த்தால் ஒன்றில் போட்டாலே போதும் என்று தோன்றும். இந்தியாவிலிருந்த இரண்டு ஒப்பந்த ஊழியர்களும் அமெரிக்காவில் ஒரு மேலாளருமாக மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேரும் சரி என்றே நினைத்தார்கள். பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்று சிலர் மறுக்க, வழக்கு நடந்தது. 2021இல் வங்கி தோற்றது. 2022இல் மேல்முறையீட்டில்தான் ஜெயித்தது.

அந்தத் திரைக்கு உலகத்திலேயே அழகான நீலத்தைப் பூசியிருந்தாலும் பணம் போயிருக்கும். அங்கே தேவைப்பட்டது 'நீங்கள் இப்போது 90 கோடி டாலரை வெளியே அனுப்பப் போகிறீர்கள்' என்று நேராகச் சொல்லும் ஒரு வரி. அந்த வரியை எழுத வடிவமைப்பாளர் வேண்டும், அந்த வேலையை நாள்தோறும் செய்கிறவரிடம் போய்க் கேட்க வேண்டும். நிறம் மாற்றுவதற்கு அவர்களில் யாரும் தேவையில்லை. அதனால்தான் முதலில் நிறத்தை மாற்றுகிறார்கள்.

எதிர்த்தரப்பின் வாதங்களுக்கு வருகிறேன். மூன்று வாதங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

முதல் வாதம் பாதுகாப்பு. உள்நுழையும் பக்கத்தில் நம் லோகோ இருந்தால் போலிப் பக்கத்தை ஊழியர்கள் அடையாளம் கண்டுகொள்வார்களாம். ஐ.டி. தெரிந்தவர்களே இதைச் சொல்வதுதான் எனக்கு எரிச்சல். மைக்ரோசாஃப்ட் உள்நுழைவுப் பக்கத்தில் உங்கள் கம்பெனி மின்னஞ்சல் முகவரியைத் தட்டினால், கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே உங்கள் லோகோவும் பின்னணிப் படமும் வந்து நிற்கும். அதாவது அவை ஊருக்கே தெரியும் பொருள்கள். திருடன் தயாரிக்கும் போலிப் பக்கம் அவற்றைத் தானாகவே எடுத்து ஒட்டிக்கொள்கிறது. இன்னும் கெட்டிக்காரத் திருடன் நிஜப் பக்கத்தையே நடுவில் நின்று உங்களுக்குக் கடத்திக் காட்டுகிறான்; அதில் லோகோ உண்மையான லோகோதான். ஆக 'லோகோ இருக்கு, நம்ம பக்கம்தான்' என்று ஊழியர்களைப் பழக்குவது திருடனுக்குச் செய்யும் உதவி. நிஜமான காவல் வேண்டுமென்றால் இணைய முகவரியோடு பிணைந்த பாஸ்கீ, பாதுகாப்புச் சாவி போன்றவற்றுக்குச் செலவு செய்யுங்கள். போலி முகவரியில் அவை வேலையே செய்யாது.

இரண்டாவது, ஒருமைப்பாடு. எல்லா சிஸ்டமும் ஒரே மாதிரி இருந்தால் குழப்பம் குறையுமாம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் தலைப்பட்டையின் நிறம் ஒன்றாகி, உள்ளே ஒரு சிஸ்டத்தில் 'அனுப்பு' வலப்பக்கமும் இன்னொன்றில் இடப்பக்கமும் இருந்தால் குழப்பம் கூடத்தான் செய்யும். வெளியே ஒரே சீருடை, உள்ளே ஆளுக்கொரு பழக்கம். அதோடு இந்தச் சாயம் ஒருமுறை பூசினால் முடிகிற வேலையும் அல்ல. ஷேர்பாயிண்டின் பழைய பதிப்புகளில் மாஸ்டர் பேஜ் என்ற அடிப்பக்கத்தைத் திருத்தித் திருத்தி அலங்காரம் செய்தவர்களுக்கு, நவீன ஷேர்பாயிண்ட் வந்தபோது அதற்கு இடமே இல்லாமல் போனது. ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து சாயம் எங்கே உரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் செய்யாமல் விட்ட திருத்தங்கள் எத்தனை?

சாயமே வாசிக்க விடாது என்பதும் உண்டு. இணைய அணுகல் வழிகாட்டி நெறிகள், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்கின்றன. வெள்ளையின் மேல் தூய சிவப்பு வெறும் 4:1. வழக்கமான ஆரஞ்சு ஏறக்குறைய 2:1. மஞ்சள் 1-ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். விளம்பரப் பலகையில் அட்டகாசமாக மின்னும் நிறத்தில் உங்கள் ஓ.டி. மணிக்கணக்கைப் போட்டால், ஐம்பத்தைந்து வயது டெக்னீஷியன் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வாதம்தான் உணர்ச்சிகரமானது: பிராண்டிங் ஊழியர்களுக்குச் சொந்தம் என்ற உணர்வைத் தருமாம்.

நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் நின்றவர்கள். பெயர் கூப்பிட்டு, கிராணியின் செக்ரோலில் ஏறினால்தான் அன்றைக்குக் கூலி. அந்தச் செக்ரோல் அட்டையில் எஸ்டேட் கம்பெனியின் முத்திரை எவ்வளவு எடுப்பாக இருந்தது என்பதா அவர்கள் கவலை? பெயர் விழுந்ததா, முழு நாள் விழுந்ததா, அரை நாள்தான் விழுந்ததா என்பதுதான். இன்றைய வருகைச் செயலியும் பெரட்டுதான். இன்றைக்கும் கவலை அதேதான்.

அந்தப் பெயரே சரியாக விழுவதில்லை என்பதுதான் என் கோபம்.

மலேசிய இந்தியர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் பெயர், ஏ/எல், அப்பா பெயர். பெண்ணென்றால் ஏ/பி. வாங்கி வந்த சிஸ்டம் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டுகிறது, இரண்டும் கட்டாயம். சாய்கோட்டைப் போட்டால் 'செல்லாத எழுத்து' என்று சிவப்பில் திட்டுகிறது. சாய்கோட்டை எடுத்துவிட்டால் மைகார்டில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் ஒரு பெயர். வங்கியில் கடன் கேட்கப் போகும்போது இரண்டும் ஒரே ஆள்தான் என்று நாம் நிரூபிக்க வேண்டும். மலாய்க்காரர்களின் பின், பிந்தியும் இபான் மக்களின் அனாக்கும் இதே இடத்தில்தான் இடறும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் லோகோ மாற்றத்துக்குப் பிறகு புதிய முகப்பு எனக்குத் தினமும் காலை வணக்கம் சொன்னது, என் அப்பாவின் பெயரைச் சொல்லி. பெயரைத் திருத்தச் சொல்லி டிக்கெட் போட்டேன். 'இது சிஸ்டத்தின் வரம்பு' என்று பதில் வந்தது. லோகோவை மூன்று மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்த்தும் டிக்கெட் அதே வாரத்தில் முடிந்திருந்தது. வரம்பு யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

மொழியும் இதே கதைதான். நம் தொழிற்சாலைகளில் நேப்பாளிகள், வங்காளதேசிகள், மியன்மார்காரர்கள், இந்தோனேசியர்கள் வேலை செய்கிறார்கள். விபத்து அறிக்கைக்கான திரை ஆங்கிலத்தில் இருக்கிறது. கம்பெனியின் எழுத்துருவை அந்தத் திரைக்கு மாற்றுகிறார்கள், அதிலுள்ள சொற்களை மாற்றுவதில்லை. கை நசுங்கியதை எழுதத் தெரியாதவருக்குப் பதிலாக சூப்பர்வைசர் எழுதுகிறார். சூப்பர்வைசர் எழுதும்போது கை நசுங்கியதற்கான காரணம் பெரும்பாலும் அந்தக் கைக்காரராகவே இருக்கும்.

இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு இன்னொன்றைச் சொல்ல வேண்டும். பிராண்டிங் நிறத்தோடு நிற்பதில்லை, அதற்கு ஒரு குரலும் உண்டு. அந்தக் குரலை 'நட்பானது', 'இளமையானது' என்று வழிகாட்டி ஏடுகளில் எழுதி வைக்கிறார்கள். பிறகு அதே குரலில் பிழைச் செய்திகளையும் எழுதுகிறார்கள். நாற்பது நிமிடம் உட்கார்ந்து ரசீது ரசீதாக ஏற்றிய கிளைம் காணாமல் போகும்போது, நம் தமிழில் சொன்னால் 'அச்சச்சோ! ஏதோ சொதப்பிடுச்சு!' என்று ஒரு வரி, பக்கத்தில் முகம் சுளிக்கும் ஒரு கார்ட்டூன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிய வேண்டியவை மூன்றே மூன்று: என்ன நடந்தது, நான் போட்டது பத்திரமாக இருக்கிறதா, இனி நான் என்ன செய்ய வேண்டும். குரல் மூன்றுக்கும் பதில் சொல்லாது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது ஜோக் சொல்லும் மாமாவைப் போலச் சிரிக்கும். சொல் எங்கே பொய்யாகிறது என்று கவிதையில் தேடித் தேடிப் பார்க்கிற நாம், தினமும் எட்டு மணி நேரம் நம்மிடம் பேசும் இந்தச் சொற்களை ஏன் விமர்சிக்காமல் விடுகிறோம்? நம் தலைமுறை அதிகமாக வாசிக்கும் உரைநடை இதுதான். நாவலைவிட அதிகம்.

லோகோவே கூடாதா என்றால், நான் அவ்வளவு கறாரான ஆள் இல்லை. இரண்டு கம்பெனிகளின் கணக்கை ஒரே கணினியில் பார்க்கும் கிளார்க்குக்கு, இப்போது எந்தக் கம்பெனிக்குள் இருக்கிறோம் என்று ஒரு மூலையில் சின்னமாகக் காட்டுவது உதவி. சோதனைக்கான சிஸ்டத்தின் தலைப்பட்டைக்கு ஒரு நிறம், நிஜ சிஸ்டத்துக்கு இன்னொரு நிறம் கொடுப்பது மிகப் பெரிய உதவி. விளையாட்டாக அழித்துப் பார்ப்பது நிஜக் கணக்கை அழித்துவிடாமல் காப்பாற்றும். இங்கெல்லாம் நிறம் வேலை செய்பவருக்கு ஒரு சேதி சொல்கிறது. முதலாளியின் பெருமையைச் சொல்வதற்காக அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், சேதி சொல்ல வேண்டிய நேரத்தில் கையில் நிறம் இருக்காது.

ஆகவே அடுத்த முறை உங்கள் இடத்தில் 'புதிய தோற்றம்' அறிமுகக் கூட்டம் நடந்தால், கேக்கைச் சாப்பிட்டுவிட்டு நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என் பெயர் மைகார்டில் இருக்கிற மாதிரியே இதில் விழுமா? என்னோடு லைனில் நிற்கிறவர் தன் மொழியில் இதைப் படிக்க முடியுமா? வயதான கண்ணுக்கு இந்த எழுத்து தெரியுமா? தவறு நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இது நேராகச் சொல்லுமா? நான்குக்கும் 'ஆமா' என்று பதில் வந்தால் லோகோவை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நானும் வந்து கைதட்டுகிறேன்.